கொலோபஸ் குரங்கை வயிற்றிலிருந்து படியுங்கள்

முதுகலை விலங்கியல் இரண்டாம் செமஸ்டரில், ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் கொலோபஸ் குரங்கு பற்றிப் பத்து மார்க் கேள்வி வந்தது. கருப்பு உடல், தோளிலிருந்து தொங்கும் வெள்ளை முடி, வாழும் நாடுகள் என நோட்ஸில் இருந்ததையெல்லாம் நாலு பக்கத்துக்கு இறக்கி வைத்தேன். நாலு மார்க்தான் கிடைத்தது. விடைத்தாளில் ஒரே ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. ‘மாட்டைப் போல அசைபோடும்’ என்று எழுதியிருந்தேன்.

கொலோபஸ் அசைபோடாது. வயிற்றில் அறைகள் உண்டு, முன்வயிற்றில் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைக்கும், அதுவரை சரி. விழுங்கியதை வாய்க்குத் திரும்பக் கொண்டுவந்து மெல்லும் வழக்கம்தான் இல்லை. கடைவாய்ப் பற்களின் கூரான முகடுகள் இலையை முதல் மெல்லலிலேயே கத்தரித்துவிடும்.

அடுத்த செமஸ்டரில் செமினாருக்கு இதே தலைப்பு வந்தபோது நோட்ஸை ஓரமாக வைத்துவிட்டு வயிற்றிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு தகவலையும் ‘இதற்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு?’ என்று கேட்டுப் பார்த்தேன். குரங்கு என்றாலே பழம் என்று நினைப்போம். இது ஏன் இனிப்பான பழுத்த பழத்தை நாடுவதில்லை? சர்க்கரை வேகமாக நொதித்தால் முன்வயிற்றில் அமிலம் ஏறும், நுண்ணுயிர்கள் தாங்காது. அதனால் காயும் விதையும் பரவாயில்லை. பகலில் பாதிக்கு மேல் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறது? இலையில் சத்து குறைவு, செரிக்க நேரம் அதிகம். பார்க்கச் சோம்பேறித்தனம், உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது லைசோசைம் பகுதி. நம் கண்ணீரில் இருக்கிற, பாக்டீரியாவை உடைக்கும் அதே நொதிதான். மாட்டிலும் இந்தக் குரங்குகளிலும் அது வயிற்றில் வேலை செய்கிறது: முன்வயிற்றிலிருந்து வந்து சேரும் பாக்டீரியாவை உடைத்து அதன் சத்தையும் எடுத்துக்கொள்ளும். மாட்டுக்கும் மந்திக்கும் நெருங்கிய உறவு கிடையாது, ஆனாலும் இரண்டின் லைசோசைமிலும் ஒரே மாதிரி மாற்றங்கள் தனித்தனியாக வந்திருக்கின்றன. 1987இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. உறவில்லாத உயிர்களில் ஒரே மாதிரி மாற்றம் தனித்தனியாக வருவதுதான் குவிபரிணாமம். அதற்கு உதாரணம் கேட்டால் வௌவால், பறவை இறக்கையை விட்டுவிட்டு இதை எழுதுங்கள். ஆய்வு நடந்தது ஆசிய மந்தியில் (லங்கூர்) என்பதையும் குறிப்பிடுங்கள். நம் சாம்பல் மந்தியும் நீலகிரி கருமந்தியும் கொலோபஸின் துணைக்குடும்பம்தான்.

பெயரும் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வரும். கிரேக்கத்தில் ‘கொலோபோஸ்’ என்றால் வெட்டப்பட்டது. கட்டைவிரல் இல்லை, அல்லது ஒரு முண்டு மட்டும் இருக்கும்.

குழப்பம் வருவது கருப்பு வெள்ளை கொலோபஸுக்கும் சிவப்பு கொலோபஸுக்கும் இடையில். கருப்பு வெள்ளை வகையான கெரேசாவின் குட்டி பிறக்கும்போது முழு வெள்ளை. கூட்டம் சிறியது, பெரும்பாலும் ஒரே ஆண். சிவப்பு கொலோபஸில் வெள்ளைக் குட்டி கிடையாது, கூட்டம் பெரியது, ஆண்கள் பலர். தான்சானியாவின் கோம்பேயிலும் உகாண்டாவின் கிபாலே காட்டிலும் சிம்பன்சிகள் அதிகம் வேட்டையாடுவது சிவப்பைத்தான். இந்த நாலு வேறுபாட்டைக் கையால் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், போதும்.

‘இலை மட்டுமே தின்னும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கேமரூனின் கடலோரக் காட்டில், மண்வளம் குறைந்த இடத்தில், இலைகளில் செரிமானத்தைக் கெடுக்கும் பீனால் என்ற வேதிப்பொருள் அதிகம். அங்கே கருப்பு கொலோபஸ் பல இலைகளை ஒதுக்கிவிட்டு விதைகளை நிறையத் தின்கிறது.

செமினார் முடிந்து வைவாவில் கடைசிக் கேள்வி: “சான்சிபார் சிவப்பு கொலோபஸ் ஏன் மரக்கரி தின்னுது?” நோட்ஸில் இல்லவே இல்லை. கொஞ்சம் யோசித்தேன். சான்சிபார் தீவின் ஜொசானி காட்டை ஒட்டிய தோட்டங்களில் அது மாவிலையும் வாதுமை இலையும் தின்னும் என்பது தெரியும். மாவிலையில் பீனால் உண்டு, கரி அதை உறிஞ்சிவிடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். “வயித்துல இருந்து வர்றீங்களா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டு, தேர்வாளர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.