பச்சைக் கைலி

ஜூலை 8, செவ்வாய்
ஊரிலிருந்து அத்தை பினாங்குக்கு வந்துவிட்டார். பெட்டி முக்கால்வாசி காலி, போகும்போது நிரப்பிக்கொள்ளத்தான். நான்காய் மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்: கோடாலித் தைலம் 12, மைலோ, டார்ச் லைட், மருமகளுக்கு ஏதாவது. அம்மா படுத்தபடியே, "கைலி எழுதலையா அண்ணி? பச்சையில ஒரு நல்ல பாத்தேக் கைலி எடுத்துக்குங்க" என்றார்.

அம்மாவின் டெஸ்ட் ரிசல்ட்டுக்கு வெள்ளிக்கிழமை கூப்பிடுவார்களாம்.

ஜூலை 9, புதன்
பலகையில் லெபோ பசார் என்று இருந்தாலும் நம்மவர்களுக்கு அது கடைத்தெருதான். மல்லிகைச் சரம், எவர்சில்வர் பாத்திரம், ஒலிபெருக்கியில் பாட்டு. அத்தை பத்தடியில் நின்றுவிட்டார். "இதெல்லாம் எங்க ஊர் பஜார்லயே இருக்கே? புடவையும் அங்கிருந்துதானே வருது?" நியாயமான கேள்வி. ஊரிலிருந்து வருகிறவர்களை முதல் நாளே இங்கே கூட்டி வரக்கூடாது. நகைக்கடையில் 916 முத்திரையைப் பார்த்தார், செய்கூலி கேட்டார், வெளியே வந்துவிட்டோம்.

அப்புறம் குயின் ஸ்திரீட் மாரியம்மன். 1833-இல் எழுந்த கோயில். அம்மா பேருக்கு அர்ச்சனை. நட்சத்திரம் கேட்டார் ஐயர். எனக்கு வாய் வரவில்லை. அத்தைதான் உத்திரட்டாதி என்றார்.

ஜூலை 10, வியாழன்
நாளைதான் என்று தெரியும். இருந்தும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஜூலை 11, வெள்ளி
சௌரஸ்தா மார்க்கெட். முதல் நாளே இங்கே வந்திருக்க வேண்டும். கீழே மீனும் கோழியும், மாடியில் பழைய புத்தகங்கள், பினாங்கு ரோட்டுப் பக்கம் வரிசையாக ஊறுகாய்க் கடைகள். மாங்காய், நெல்லி, எல்லாவற்றுக்கும் மேலே ஜாதிக்காய். அத்தைக்கு ஜாதிக்காய் என்றால் கொட்டை மட்டும்தான், கல்லில் உரைத்துப் பிள்ளைக்குப் புகட்டுவது. கொட்டைக்கு வெளியே இருக்கிற சதையை இங்கே சீனியில் ஊறவைத்துத் தின்போம் என்றதும் நம்பவில்லை. கடைக்காரம்மா இடுக்கியால் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். பழுப்பேறி, ஓரம் சுருங்கி, பாகு சொட்டியது. அத்தை கடித்தார், நின்றார், மறுபடி கடித்தார். "மருந்து வாசனை அடிக்குது, ஆனா விட முடியல." காய்ந்த சீவல் ஒரு கிலோ, ஜாதிக்காய் எண்ணெய் ஆறு புட்டி. எதுவும் தாளில் இல்லாதவை. இந்த மண்ணில் விளைந்தது ஊருக்குப் போகிறது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மீன்கடை இரைச்சலில் கேட்காமல் போய்விடுமோ என்று போனைக் கையிலேயே பிடித்திருந்தேன். வரவில்லை. 5 மணிக்கு நானே அடித்தேன். இன்னும் தயாராகவில்லை, திங்கட்கிழமை என்றார்கள். இன்னும் மூன்று இரவு. அம்மாவிடம், "லேபில் கூட்டமாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் பேசாமல் ஒரு சீவலை வாயில் போட்டுக்கொண்டார்.

ஜூலை 12, சனி
கர்னி பிளாசா மால். மைலோ வாங்கியாயிற்று. "யார்கிட்டப்பா பேரம் பேசுறது?" என்று கேட்டு அத்தை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு
கைலிக்காக மட்டும் போனேன், தனியாக. துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அது அம்மா சொல்லிக்கொடுத்தது. மெழுகு வைத்துச் சாயத்தில் தோய்த்த நிஜப் பாத்தேக் என்றால் இரண்டு பக்கமும் நிறம் ஒன்றாக இருக்கும். அச்சடித்தது பின்பக்கம் வெளுத்திருக்கும். மூன்று கடையில் பச்சை எல்லாம் வெளுப்பு. நாலாவது கடையில் கிடைத்தது, வாழைக்குருத்துப் பச்சை, விளிம்பில் மெழுகு வெடித்த கோடுகள் மயிரிழை போல. இரண்டு எடுத்தேன்.

அம்மா திருப்பிப் பார்த்தார், நகத்தால் தேய்த்துப் பார்த்தார். "இதான். இன்னொன்னு யாருக்கு?"

"உங்களுக்குத்தாம்மா."

மடிப்புக் கலையாமல் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 14, திங்கள்
காலை 9.20. பெட்டி கூடத்தில் திறந்து கிடக்கிறது. வீடு முழுக்க ஜாதிக்காய் மணம். அத்தை டிக்கெட்டைத் தள்ளிப்போடட்டுமா என்கிறார்.

11 மணி. கூப்பிட்டார்கள். போனில் சொல்ல மாட்டார்களாம். 2 மணிக்கு நேரில் வர வேண்டும்.

புதுக் கைலியைக் கட்டிக்கட்டுமா என்று அம்மா கேட்டார். கட்டிக்குங்கம்மா என்றேன்.