காலநிலைத் தரவின் மீத்தரவில் காலத்தை எழுதுதல்: தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

முதுகலைப் படிப்பில் காலநிலைத் தரவு மேலாண்மை என்றொரு தாள் எங்களுக்கு இருந்தது. எழுத்துத் தேர்வை எப்படியும் கடந்துவிடலாம். செய்முறைத் தேர்வில் ஒரு தரவுக் கோப்பைக் கொடுத்து அதற்கு மீத்தரவு (தரவைப் பற்றிய விவரக் குறிப்பு) எழுதச் சொல்லி, எழுதிய ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்டபோதுதான் பலரும் திணறினார்கள். இடம், அலகு, தரவின் மூலம் ஆகியவற்றை எல்லோரும் ஓரளவு சரியாகவே எழுதிவிடுவார்கள். மதிப்பெண் கரைவது பெரும்பாலும் காலத்தைப் பற்றிய பகுதியில்தான். அதே தாளை இனி எழுதப்போகிறவர்களுக்கும், ஆய்வேட்டுக்காக முதன்முறையாகக் காலநிலைத் தரவைக் கையாள்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

"காலம்: 1901 முதல் 2020 வரை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. அந்த வரி, தொகுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. மதிப்புகள் எவ்வளவு இடைவெளியில் வருகின்றன, ஒவ்வொரு மதிப்பும் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரையிலான காலத்துக்கு உரியது, விலகல் மதிப்பாக (நீண்டகாலச் சராசரியிலிருந்து எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்பதாக) இருந்தால் எந்த ஆண்டுகளின் சராசரியிலிருந்து விலகல் என்பனவெல்லாம் தனித்தனிக் கேள்விகள். இவற்றுள் ஒவ்வொரு மதிப்புக்கும் உரிய கால எல்லையே முதன்மையானது என்பது என் கருத்து. அது தெளிவாக இருந்தால் மற்றவற்றைப் பெரும்பாலும் அதிலிருந்தே வருவித்துக்கொள்ளலாம். அது இல்லையென்றால் மற்றவை எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை.

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். 2015 டிசம்பர் 2 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. ஆனால் அந்த மழையில் பெரும்பகுதி பெய்தது டிசம்பர் 1 அன்று. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8:30 மணிக்கு முடிகிறது. முந்தைய நாள் காலை 8:30 முதல் அன்று காலை 8:30 வரை பெய்த மழை, முடிகிற நாளின் தேதியில் பதிவாகிறது. மின் கட்டண அட்டையில் கணக்கெடுத்த தேதிக்கு நேரே எழுதிய அலகு அதற்கு முந்தைய இரண்டு மாதப் பயன்பாட்டைக் குறிப்பது போலத்தான் இதுவும். இதை அறியாத ஒருவர் அந்தத் தொகுப்பை ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வுத் தரவோடு (பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்து, கடந்தகால வானிலையை மீட்டுருவாக்கிய தரவு) தேதிக்குத் தேதி ஒப்பிட்டால், மறுபகுப்பாய்வு ஒரு நாள் முந்துகிறது என்ற பொய்யான முடிவுக்கு வரக்கூடும்.

சரியான ஒப்பீட்டுக்கு எல்லைகளை எழுதியே ஆகவேண்டும். இந்திய நேரம் காலை 8:30 என்பது உலக நேரப்படி 03:00 மணி. ஈஆர்ஏ5 தொகுப்பின் மணிவாரி மழை மதிப்பு, குறிக்கப்பட்ட நேரத்தோடு முடிகிற ஒரு மணி நேரத்தில் பெய்த மழையின் திரட்டு. ஆகவே, இந்தியத் தரவின் டிசம்பர் 2 மழைக்கு இணையாக, ஈஆர்ஏ5 தரவில் உலக நேரப்படி டிசம்பர் 1, 04:00 முதல் டிசம்பர் 2, 03:00 வரை குறிக்கப்பட்ட 24 மதிப்புகளைக் கூட்டவேண்டும். 03:00 மணியில் தொடங்கினால் ஒரு மணி நேர மழை தவறான நாளில் சேர்ந்துவிடும். இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் கோடு போட்டுச் செய்து பாருங்கள். கால எல்லைகளை எழுத ஏன் இத்தனை வற்புறுத்துகிறார்கள் என்பது அப்போது விளங்கும்.

காலநிலைத் தரவைச் சேமிக்கப் பெரிதும் பயன்படும் நெட்சிடிஎஃப் வகைக் கோப்புகளில் மீத்தரவை எழுத உலகெங்கும் பின்பற்றப்படும் விதித்தொகுப்பான சிஎஃப் மரபில் இதற்கு இரண்டு இடங்கள் உள்ளன. 'பவுண்ட்ஸ்' என்ற பண்பு (கோப்புக்குள்ளேயே எழுதப்படும் விவரக் குறிப்பு) ஒவ்வொரு நேரக்குறிக்கும் உரிய தொடக்கத்தையும் முடிவையும் தாங்கிய மாறியைச் சுட்டுகிறது. 'செல் மெத்தட்ஸ்' என்ற பண்பு, அந்த இடைவெளிக்குள் எடுத்தது சராசரியா, கூட்டுத்தொகையா, உச்சமா என்று சொல்கிறது. மழைக்குக் கூட்டுத்தொகை, அன்றாட அதிகபட்ச வெப்பநிலைக்கு உச்சம் என்று பொருத்தி எழுதவேண்டும். இந்த மரபு ஆவணத்தைப் படிக்கும்போது நேர அச்சைப் பற்றிய 4.4-ஆம் பிரிவில் தொடங்காமல், எல்லைகளைப் பற்றிய 7.1, கணக்கிட்ட முறையைப் பற்றிய 7.3 ஆகியவற்றை முதலில் படிக்குமாறு பரிந்துரைக்கிறேன். நேரக்குறி எதற்காக என்பது புரிந்த பிறகு அதை எழுதும் விதிகள் எளிதில் மனத்தில் தங்கும்.

தேர்வாளர்கள் விரும்பிக் கேட்கும் இன்னொரு பகுதி, பல ஆண்டுச் சராசரி. இத்தகைய சராசரிக்கு உலக வானிலை அமைப்பின் இப்போதைய வழக்கமான அடிப்படைக் காலம் 1991–2020. இந்த 30 ஆண்டுகளின் வடகிழக்குப் பருவமழைச் சராசரியை எடுத்துக்கொண்டால், அந்த ஒற்றை மதிப்பு 30 ஆண்டுகளின் எல்லா மாதங்களுக்கும் உரியதன்று. ஒவ்வோர் ஆண்டின் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கு மட்டுமே உரியது. சாதாரண எல்லைகளால் இதைச் சொல்ல முடியாது என்பதால் சிஎஃப் மரபின் 7.4-ஆம் பிரிவு 'கிளைமட்டாலஜி' என்ற தனிப் பண்பை வகுத்திருக்கிறது. அதில் தொடக்கம் 1991 அக்டோபர் 1 எனவும், முடிவு 2021 ஜனவரி 1, 00:00 மணி எனவும் வரும். கணக்கிட்ட முறையாக, ஆண்டுக்குள் கூட்டி ஆண்டுகளுக்கிடையே சராசரி எடுத்தது என்று குறிக்கவேண்டும். முடிவில் 2021 என்று இருப்பதைப் பார்த்துப் பிழை என்று அடித்துவிடாதீர்கள். டிசம்பர் 31-இன் நள்ளிரவு முடிவுதான் அது. தரவுத் தொகுப்புகளை விவரிக்கும் பட்டியலிலோ கடைசி நாளையும் உள்ளடக்கி 2020-12-31 என்று எழுதுவதே வழக்கம். இரண்டும் சரியே, எது எங்கே என்பதைக் கேட்டால் சொல்லத் தெரியவேண்டும்.

விலகல் தரவில் அடிப்படைக் காலத்தைக் குறிப்பிடாமல் விடுவது மன்னிக்க முடியாத குறை என்றே சொல்வேன். உலக வெப்பநிலைத் தொகுப்புகளில் நாசாவின் ஜிஸ்டெம்ப் 1951–1980 காலத்தையும், பிரிட்டனின் ஹாட்கிரட்5 1961–1990 காலத்தையும் அடிப்படையாகக் கொள்கின்றன. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகள் தொழில்மயத்துக்கு முந்தைய நிலைக்கு 1850–1900 காலத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒரே ஆண்டின் வெப்ப விலகல் இவற்றில் வெவ்வேறு எண்ணாக வருவதில் வியப்பில்லை.

காலநிலையைக் கணினியில் உருவகிக்கும் மாதிரிகளின் தரவுக்கு நாட்காட்டியும் வேண்டும். பல நாட்டுக் காலநிலை மாதிரிகளை ஒப்பிடும் சிமிப்6 திட்டத்தில் பங்கேற்ற பிரிட்டனின் யூகேஇஎஸ்எம்1 மாதிரிக்கு ஆண்டுக்கு 360 நாட்கள், எல்லா மாதத்துக்கும் 30 நாட்கள். அங்கே பிப்ரவரி 30 உண்டு, டிசம்பர் 31 கிடையாது. அமெரிக்காவின் சிஇஎஸ்எம்2 மாதிரியில் லீப் ஆண்டே இல்லை. கோப்பில் நேரம் '1850 ஜனவரி 1 முதல் எண்ணிய நாட்கள்' என்று வெறும் எண்ணாகத்தான் இருக்கும். 'காலண்டர்' பண்பு விடுபட்டுப்போய், 360 நாள் கணக்கில் எண்ணியதை வழக்கமான நாட்காட்டியில் படித்தால், 2014 டிசம்பர் 30 என்பது 2012 ஆகஸ்ட் 18 ஆகிவிடும். வாய்மொழித் தேர்வுக்கு முன் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 1850 ஜனவரி 1-ஐ 0 என்று கொண்டால், 360 நாள் கணக்கில் 2014 டிசம்பர் 30-க்கு வரும் 59,399 என்ற எண்ணில் தொடங்கினால் போதும். அத்தகைய தரவின் முடிவு நாளை மீத்தரவில் 2014-12-31 என்று எழுதுவதும், அந்த நாட்காட்டியில் இல்லாத நாளை எழுதுவதாகும்.

நேர அலகாக 'மாதம்' என்பதைத் தவிர்த்துவிடுங்கள். அலகுகளை மாற்றித்தரும் யூடியூனிட்ஸ் நிரலில் மாதம் என்பது ஆண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 30.44 நாட்கள், பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் அது பொருந்தாது.

இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் தொகுப்புக்கு முடிவு நாள் என்ன எழுதுவது என்பது கடைசியாகக் கேட்கப்படும் கேள்வியாக இருக்கலாம். ஈஆர்ஏ5 தரவு 1940-இல் தொடங்கி, ஏறத்தாழ ஐந்து நாள் பின்தங்கி, நாள்தோறும் நீள்கிறது. புதிதாக வருவது முதல் இரண்டு, மூன்று மாதங்களுக்குத் தற்காலிகத் தரவாகவே கருதப்படும். தொகுப்பு முழுவதற்குமான பட்டியலில் முடிவைத் திறந்தே விடலாம். ஆனால் நீங்கள் பதிவிறக்கிய கோப்புக்கு அதிலுள்ள கடைசி மதிப்பின் கால எல்லையைத்தான் முடிவாக எழுதவேண்டும். பதிவிறக்கிய நாளை அதற்குரிய வேறு இடத்தில் குறிப்பிட்டு, கடைசி மாதங்கள் தற்காலிகத் தரவு என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.