கடைவாய்ப் புண்

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு பாயின் மாந்தோப்புக்கு அந்தப் பெண்குதிரை வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் அது கல்யாண ஊர்வலக் குதிரை. கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்த எனக்கு பாய் ஆள் அனுப்பினார். "புண்ணுக்கு மருந்து போட விடமாட்டேங்குது தம்பி. கிட்டப் போனாலே பின்னங்கால தூக்குது."

இரண்டு கடைவாயிலும் புண். கடிவாளத்தைச் சுண்டிச் சுண்டி இழுத்ததில் வந்தது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத ஈறின் மேல்தான் அந்த இரும்பு உட்காரும். அங்கே மெல்லிய சதைக்கு அடியில் நேராக எலும்பு. அந்த வலியோடு மேளத்துக்கும் வெடிக்கும் நடுவில் ஆட வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. மருந்து தடவ இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்துக்கு எனக்கு நாற்பது நாள் ஆனது.

முதல் வாரம் நான் எதுவுமே செய்யவில்லை. டூட்டி முடிந்து சாயங்காலம் போய், பதினைந்தடி தள்ளி மாமர வேரில் உட்கார்ந்திருப்பேன். ஊறவைத்த கொள்ளைத் தொட்டியில் போட்டுவிட்டு விலகிவிடுவேன். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. நாமோ ஆசையாய்க் கையை நீட்டுவது நெற்றிக்குத்தான். அதனால் இடது தோள் பக்கமாக, சாய்வாக நடந்து போவேன். காது பின்னால் மடிந்து, உடம்பு விறைக்கத் தொடங்கும். அது நகர்வதற்கு முன்பே நான் இரண்டடி பின்வாங்கிவிடுவேன். இவன் நம் பேச்சைக் கேட்கிறான் என்று அதற்குத் தெரிய வேண்டும். இந்த வேலையில் நான் முக்கியமென்று நினைப்பது இந்தப் பின்வாங்கலைத்தான்.

பதினைந்தாம் நாள் அவசரப்பட்டேன். களிம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போய்ச் சட்டென்று கையை நீட்டினேன். மிரண்டு பாய்ந்து முள்வேலியில் மோதி மார்பைக் கிழித்துக்கொண்டது. தப்பு என்னுடையது. அடுத்த நாள் மறுபடி பதினைந்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தேன். அதன்பின் களிம்பு டப்பாவைத் திறந்து, அது பார்க்கிற மாதிரி தரையில் வைத்தேன். நாலைந்து நாள் கழித்து அதுவே வந்து மோந்து பார்த்தது.

பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில்தான் முதலில் தொட விட்டது. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு தணியும். விரல் நுனியால் சொறிந்துகொண்டே இருந்தேன். தலை மெல்லத் தாழ்ந்தது, கீழுதடு தொங்கியது, நீளமாக ஒரு மூச்சு விட்டது. மறு கையைத் தாடைக்கு அடியில் கொண்டுபோய் நாடி பார்த்தேன். நிமிஷத்துக்கு 40. சும்மா நிற்கிற குதிரைக்கு 28-லிருந்து 44 வரை இருக்கலாம். அதற்கு அடுத்த வாரம் கடைவாயில் களிம்பு தடவினேன், நகரவில்லை.

"இனி கடிவாளம் போடலாமா தம்பி?" என்று பாய் கேட்டார். வேண்டாம் பாய், முகக்கயிறு போதும் என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை.

வெடிச்சத்தம் கேட்டால் இன்றைக்கும் அதன் தோல் நடுங்குகிறது. நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஓடுவதில்லை. ஒரு காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நிற்கிறது.