ஊட்டிக் குளிரில் கார் ஷெட் சாய்தளம்: இந்தத் தடவை மேல்தோல் உரியவில்லை

போன ஜனவரியில் போட்ட கான்கிரீட் சாய்தளம் இரண்டே மாதத்தில் அப்பளம் மாதிரி மேல்தோல் உரிந்தது. அதை உடைத்தெடுத்துவிட்டு இந்த ஜனவரியில் மறுபடி போட்டேன். இன்றைக்கு ஒன்பதாவது நாள், சாவியால் அழுத்திக் கீறினாலும் தூள் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

8 அடி அகலம், 4 அடி நீளம், 5 இன்ச் கனம், 8 எம்எம் கம்பி. 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவைக்கு மூன்று மூட்டை சிமெண்ட் சரியாக இருந்தது. கடையில் பிபிசி, அதாவது சாம்பல் கலந்த சிமெண்ட்தான் இருக்கிறது என்றார்கள். குளிரில் அது மெதுவாகத்தான் இறுகும் என்பதால் சாம்பல் கலக்காத 53 கிரேடு ஓபிசி சிமெண்டுக்கு நான்கு நாள் காத்திருந்து வாங்கினேன். சீக்கிரம் இறுக குளோரைடு கலந்த மருந்து ஒன்றையும் எடுத்து நீட்டினார்கள். உள்ளே கம்பி இருக்கும்போது அது துருவுக்கு வழி, வேண்டாம் என்றுவிட்டேன். எம் சாண்ட் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வருவதால் லாரி வாடகைதான் கடிக்கிறது, அடுத்த முறை பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரே லோடாக எடுக்க வேண்டும்.

தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டில் ஊற்றினேன், முதலில் ஜல்லியிலும் மணலிலும், அப்புறம்தான் சிமெண்ட்.

எல்லாம், டயர் வழுக்காமலிருக்க மேலே துடைப்பத்தால் கோடு இழுக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. போன வருஷம் கெட்டது அங்கேதான். கொட்டி மட்டம் இழுத்ததும் மேலே நீர் பூக்கும், குளிரில் அது வடிந்து அடங்க ரொம்ப நேரம் ஆகும், அது பளபளவென்று நிற்கும்போதே கரண்டியால் தேய்த்தால் நீர் மேல்தோலுக்குள்ளேயே போய்விடுகிறது, ராத்திரி உறைபனி அடித்ததும் அந்த மெல்லிய தோல்தான் முதலில் போகிறது. இந்த முறை 11 மணிக்குக் கொட்டி முடித்தோம். நிழல் விழும் பக்கம் என்பதால் 1 மணிக்கும் பளபளப்பு போகவில்லை, மேஸ்திரி அண்ணன் "முடிச்சிரலாம் சார், வேற வேலை இருக்கு" என்றார், நான் விடவில்லை. கட்டை விரலை வைத்தால் தடம் விழ வேண்டும், ஆனால் விரலில் சிமெண்ட் பால் ஒட்டக்கூடாது. 3.15க்குத்தான் அந்தப் பதம் வந்தது. தென்னந்துடைப்பத்தை நனைத்து உதறி, சரிவுக்குக் குறுக்கே ஒரே இழுப்பு. கோடுகள் அப்படியே நின்றன.

பாலித்தீன் விரித்து, அதன்மேல் உருளைக்கிழங்குச் சாக்கு இரண்டு அடுக்கு, அதற்கும் மேல் தார்ப்பாய். மறுநாள் காலை 6 மணிக்கு வெளியே 2 டிகிரி, புல்லெல்லாம் வெள்ளை. சாக்குக்கு அடியில் செருகியிருந்த தெர்மாமீட்டரில் 11. ஏழு நாளும் பகலில்கூட அதைப் பிரிக்கவில்லை.

நேற்று பலகையைக் கழற்றினேன். கீழ் ஓரத்தில் ஒரு இடத்தில் ஜல்லி தெரிகிறது, கொட்டும்போது கலவையைக் குத்தி இறுக்கியது போதவில்லை, அதைப் பூச வேண்டும். ஷெட் தரைக்கும் சாய்தளத்துக்கும் நடுவே விட்ட அரை இன்ச் இடைவெளியையும் அடைக்கவில்லை. ஜூன் மழைக்கு முன்னால் அடிவாரத்தில் கம்பி மூடியோடு ஒரு வடிகாலும் வேண்டும், அதற்கான கம்பியை இந்த வாரமே குன்னூரில் விசாரிக்கப் போகிறேன். கார் இன்னும் பத்து நாளாவது தெருவில்தான் நிற்கும்.