சொல்ல மாட்டேன் என்று சொன்ன ராத்திரி

"ஏட்டி, வார்டன் வேலைக்கா அமெரிக்கா வரைக்கும் போற?"

அம்மா இப்படிக் கேட்டது 2016இல். பி.இ. முடித்து, சென்னையில் நாலு வருஷம் சாப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு, பல்கலைக்கழக மாணவர் நலப் பணிக்கான முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். யாருக்கும் பிடிபடவில்லை. எம்.எஸ். என்றால் தெரியும், எம்.பி.ஏ. என்றால் தெரியும், ஹாஸ்டலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு டிகிரியா? அன்று அம்மாவுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மனசில் இருந்த காரணம் வேறு, அதை வீட்டில் சொன்னதும் இல்லை.

இரண்டாம் வருஷம் ஹாஸ்டலில் என் ரூம்மேட் கொஞ்சம் கொஞ்சமாக வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள். முதலில் முதல் பீரியட், பிறகு காலை முழுக்க, அப்புறம் மெஸ்ஸுக்கும் வருவதில்லை. ராத்திரி அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவள் போர்வைக்குள் கிடப்பாள், அவள் நம்பரைக் கூப்பிட்டதும் "எஸ் மேடம்" என்று நான் குரல் கொடுப்பேன். அதை உதவி என்றுதான் நினைத்திருந்தேன். செமஸ்டர் தேர்வுக்கு முன்னால் அவள் அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளை அழைத்துப் போனார், அதோடு அவள் திரும்பி வரவே இல்லை. ரெஜிஸ்டரில் அந்தப் பத்து வாரமும் அவள் ஒரு நாள்கூட விடுபடவில்லை. எங்கள் வார்டன் மேடம் கெட்டவர் கிடையாது. பகலெல்லாம் கணக்கு வகுப்பு எடுத்துவிட்டு, கூடுதல் பொறுப்பாக முந்நூறு பெண்களைப் பார்த்துக்கொண்டவர். கதவு எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள், ஒரு பெண் சாப்பிடாமல் கிடந்தால் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கும்தான்.

அதைச் சொல்லித்தர ஒரு துறையே இருக்கிறது என்று பல வருஷம் கழித்துத் தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நான் சேர்ந்தது அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு அரசுப் பல்கலைக்கழகம். இரண்டு வருஷப் படிப்பு. கூடவே அசிஸ்டென்ட்ஷிப்: முதலாண்டு மாணவர்கள் ஏறக்குறைய நானூறு பேர் தங்கும் ஒரு விடுதியில் வாரம் இருபது மணி நேர வேலை. அதற்குப் பதிலாகப் படிப்புக் கட்டணம் தள்ளுபடி, கையில் ஒரு சிறு தொகை, அதே கட்டடத்தில் ஓர் அறையும் சமையல் மூலையும் உள்ள வீடு. இந்தப் படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அசிஸ்டென்ட்ஷிப் கிடைக்காமல் கடன் வாங்கிப் போகாதீர்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மாலை வகுப்பில் கேட்டது ராத்திரி காரிடாரில் எதிரே வந்து நிற்க வேண்டும். அது இல்லையென்றால் புத்தகம் படித்ததோடு முடிந்துவிடும்.

அடுத்தது விசா. நம்மவர்கள் இதைத் தெரிந்தே போக வேண்டும். இந்தப் படிப்பு அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் வராது. அதனால் முடித்த பிறகு வேலை அனுமதி பன்னிரண்டு மாதம்தான், இன்ஜினியரிங் படித்தவர்களுக்குக் கிடைக்கும் நீட்டிப்பு கிடையாது. அங்கே வேலை பார்க்கத் தேவைப்படும் எச்-1பி விசாவின் ஆண்டு உச்சவரம்பு பல்கலைக்கழகங்களைக் கட்டுப்படுத்தாது என்பது ஆறுதல், ஆனால் ஆரம்ப நிலை வேலைகளுக்கு விசா போட்டுத்தராத அலுவலகங்கள் நிறைய. நேர்காணலின் முதல் பத்து நிமிஷத்தில் இதைக் கேட்டுவிடுங்கள், கூச்சப்படாதீர்கள். சம்பளமும் சாப்ட்வேர் கணக்கில் வராது. சரி, அது போகட்டும்.

வகுப்புகள் எனக்கு வேறு ஒரு உலகம். அமெரிக்கக் கல்வி மன்றம் 1937இல் வெளியிட்ட ஓர் அறிக்கையில் இருந்து பாடம் தொடங்கும். மாணவனை முழு மனிதனாகப் பார்க்க வேண்டும், அவன் அறிவை மட்டும் பயிற்றுவித்தால் போதாது என்பதுதான் அதன் சாரம். இதில் என்ன புதுசு என்று முதல் வாரம் தோன்றியது. அப்புறம் டிக்சன் வழக்கு வந்தது. 1960இல் அலபாமாவில், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறிய ஓர் உணவகத்தில் இடம் கேட்டு உட்கார்ந்த கறுப்பின மாணவர்கள் சிலரை அலபாமா ஸ்டேட் கல்லூரி விசாரணையே இல்லாமல் நீக்கியது. பெற்றோர் ஸ்தானத்தில் இருக்கும் கல்லூரிக்கு அந்த அதிகாரம் உண்டு என்பதுதான் அதுவரை வழக்கம். அரசுக் கல்லூரி ஒரு மாணவரை நீக்கும் முன் குற்றச்சாட்டைத் தெரிவித்து அவர் தரப்பைக் கேட்டே ஆக வேண்டும் என்று 1961இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஹாஸ்டலில் ஒரு பெண்ணை, யாரோ எதையோ பார்த்ததாகச் சொன்னதை வைத்து, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்குப் போன் போட்டு வரவழைத்து அனுப்பியது நினைவுக்கு வந்தது. அப்போது அதை அநியாயம் என்று சொல்லக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை, பெரியவர்கள் பார்த்துச் செய்கிறார்கள் என்றுதான் இருந்தோம்.

கோட்பாடுகளில் எனக்கு ஒட்டிக்கொண்டது நான்சி ஸ்லாஸ்பெர்க் 1989இல் எழுதிய ஒரு கட்டுரை. புது இடத்துக்கு வரும் ஒருவருக்கு, தான் இங்கே யாருக்காவது முக்கியம் என்ற உணர்வு வந்தால்தான் அவர் காலூன்றுவார், இல்லையென்றால் ஓரத்திலேயே நின்றுவிடுவார் என்கிறார். இதற்கு அவர் வைத்த சொல் 'மேட்டரிங்'. வகுப்பில் மற்றவர்கள் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தமிழிலேயே வந்துவிட்டது. "என்னை ஒரு பொருட்டா நினைக்கல" என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்தப் பொருட்டு. பத்து வாரம் என் ரூம்மேட்டை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. ரெஜிஸ்டருக்கு அவள் நம்பர் மட்டும் போதுமானதாக இருந்தது.

கவுன்சிலிங் பயிற்சி வகுப்பில்தான் அடி வாங்கினேன். இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் பிரச்சினையைச் சொல்ல மற்றவர் கேட்க வேண்டும், அதை வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டுவார்கள். என் வீடியோவில், எதிரில் இருந்தவர் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் நான் வழி சொல்ல ஆரம்பித்திருந்தேன். இப்படிச் செய்யலாமே, அவரைப் போய்ப் பார்க்கலாமே என்று ஒரே ஆலோசனை. நம்மிடம் ஒருவர் கஷ்டத்தைச் சொன்னால் உடனே வழி சொல்வதுதான் அன்பு என்று வளர்ந்தவள் நான். சும்மா இருந்து கேட்பது அலட்சியம் போலப் படும். அந்தப் பழக்கத்தை விட எனக்கு ஒரு செமஸ்டர் போதவில்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ராத்திரி ஒன்றரை மணி. யாரோ மைக்ரோவேவில் பாப்கார்னைக் கருக்கிவிட்டு ஃபயர் அலாரம் அடித்து, நானூறு பேரும் குளிரில் போர்வையோடு வெளியே நின்று, தீயணைப்புத் துறை வந்து பார்த்து, எல்லோரும் உள்ளே போன பிறகு நான் டூட்டி போனைக் கையில் வைத்துக்கொண்டு கீழ்த்தளத்தைச் சுற்றி வந்தேன். லாண்டரி ரூமில் விளக்கு எரிந்தது. துணி மடிக்கும் மேசை மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். டிரையர் ஓடி முடித்து எவ்வளவு நேரமாயிற்றோ, கதவைத் திறக்காமலே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் ஒன்று சொன்னால் யாரிடமும் சொல்லக் கூடாது" என்றாள்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. ஹாஸ்டலில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் அந்த வார்த்தையை. அவள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பார்ட்டியில் அவளுக்கு நடந்தது, அவள் சம்மதம் இல்லாமல் நடந்தது. அவள் பேசப் பேச எனக்குள் இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. பாலின சமத்துவத்துக்கான 1972ஆம் ஆண்டுச் சட்டத்தை, டைட்டில் நைன் என்பார்கள், ஒட்டிப் பல்கலைக்கழகம் வைத்திருந்த விதிப்படி விடுதிப் பணியாளர் யாராக இருந்தாலும் இப்படி ஒன்றைக் கேட்டால் அதற்கென்று உள்ள அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகஸ்ட் பயிற்சியில் இதைச் சொன்னார்கள், கையெழுத்தும் போட்டிருந்தேன். ரகசியம் காக்கும் உரிமை கவுன்சிலருக்கு உண்டு, எனக்கு இல்லை.

அவள் முடித்த பிறகு உண்மையைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது. அவள் கத்தவில்லை. எழுந்து டிரையரைத் திறந்து, துணிகளை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக மடித்தாள். டி-ஷர்ட், துண்டு, அப்புறம் சாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஜோடி தேடிச் சுருட்டி வைத்தாள். ஒரு சாக்ஸுக்கு ஜோடி கிடைக்கவில்லை, டிரையருக்குள் கைவிட்டுத் தேடினாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு, "சொல்ல மாட்டேன் என்று சொன்னீர்களே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் என் சூப்பர்வைசர் என்னைத் திட்டவில்லை. இன்சிடென்ட் ரிப்போர்ட்டை ஒருமுறை படித்துவிட்டு, "அடுத்த தடவை அந்த முதல் ஐந்து விநாடியில் என்ன சொல்வாய்?" என்று கேட்டார். சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் முழுக்க அதே வாக்கியத்தை நாக்கில் உட்காரும் வரைக்கும் சொல்ல வைத்தார். நீ சொல்வதைக் கேட்க இருக்கிறேன், ஆனால் சில விஷயங்களைக் கேட்டால் நான் மேலே தெரிவிக்க வேண்டி இருக்கும், யாருக்கும் போகாமல் பேச வேண்டும் என்றால் அதற்கு ஆள் இருக்கிறார், இப்போதே உன்னோடு நடந்து வருகிறேன். இவ்வளவுதான். இதை முதலிலேயே சொன்னால், எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது என்ற முடிவு அந்தப் பெண்ணின் கையில் இருக்கும். அன்று அதை நான் அவளிடமிருந்து எடுத்துவிட்டேன். அவளுக்கு அறை மாற்றமும் தேர்வுக்குக் கூடுதல் அவகாசமும் கிடைக்க அந்த அலுவலகம் உதவியது, மே மாதம் வரை அங்கேதான் படித்தாள். என்னைப் பார்த்தால் தலையசைப்பாள், அதற்கு மேல் பேசியதில்லை.

இந்த வேலைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களிடம் அந்த ஐந்து விநாடியைத்தான் சொல்கிறேன். நல்ல மனசு எனக்கு அன்றைக்கும் இருந்தது, ஹாஸ்டலில் "எஸ் மேடம்" சொன்னபோதும் இருந்தது.

இரண்டாம் வருஷம், பிப்ரவரியில் ஒரு காலை. அலுவலகப் போன் அடித்தது. ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிப் பேசியவர் என் பெயரைக் கேட்டதும் நிறுத்தி, "அம்மிணி, தமிழுங்களா?" என்றார். கோயம்புத்தூரில் இருந்து பேசினார். எங்கள் கட்டடத்தில் இருக்கும் மகள் இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை. "மார்க்கு ஏதாச்சும் கொறஞ்சு போச்சுங்களா? கிளாஸுக்குப் போறாளுங்களா? நீங்களாச்சும் சொல்லுங்க."

அந்தக் குரலைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும். 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மதிப்பெண், வருகைப் பதிவு எல்லாவற்றின் மீதும் உரிமை மாணவருக்குத்தான். கட்டணம் கட்டுகிற அப்பாவாக இருந்தாலும் பொதுவாக அவள் எழுதிக் கொடுத்தால்தான் காட்டலாம். கண்ணால் பார்த்ததைச் சொல்ல அந்தச் சட்டம் தடையில்லை, ஆனால் முதலில் மாணவரிடம் போ என்பது எங்கள் அலுவலக நடைமுறை. பழைய நானாக இருந்தால், கவலைப்படாதீங்க சார், நல்லா இருக்கா என்று தெரியாமலே சொல்லி வைத்திருப்பேன்.

"சார், மார்க், அட்டெண்டன்ஸ் எதையும் நான் சொல்ல முடியாதுங்க. இப்பவே மேல போய் அவங்க கதவைத் தட்டுறேன். உங்களுக்குப் பேசச் சொல்லிக் கேக்கிறேன். அவங்களைப் பார்க்க முடியலைன்னா அடுத்து யார் பார்க்கணும்னு எங்களுக்கு முறை இருக்கு, அதுவரைக்கும் நான் விட மாட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "சாப்பிட்டாளான்னு மட்டும் கேளுங்க அம்மிணி" என்றார்.

மூன்றாவது தட்டலில் கதவு திறந்தது. தூங்காத கண். மேசையில் பிரிக்காத நூடுல்ஸ் டப்பா. கெமிஸ்ட்ரி தேர்வில் விழுந்துவிட்டதாகவும் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றும் அவளாகவே சொன்னாள். வழி எதுவும் சொல்லாமல், உள்ளே வரட்டுமா என்று கேட்டு, தரையில் உட்கார்ந்துகொண்டேன். இருபது நிமிஷம் இருக்கும். நடுவில் எழுந்து போய் டப்பாவில் சுடுதண்ணீர் ஊற்றி வந்தாள். பாதி சாப்பிட்டதும் போனை எடுத்தாள். நான் எழுந்து கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே வரும்போது அவள் குரல் கேட்டது.

"ஆமாப்பா, சாப்ட்டேன்."