பேச்சுக்குப் போனோம், காதிலிருந்து தொடங்கினார்கள்

குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்று எங்கே போனாலும், முதலில் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி "காது பரிசோதனை செய்தாகிவிட்டதா?" என்பதுதான். அதைக் கேட்காமலேயே மூன்று மாதப் பயிற்சிக்கு முன்பணம் கட்டச் சொன்ன ஓர் இடத்திலிருந்து நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். நீங்களும் தயங்காமல் எழுந்து வாருங்கள்.

இரண்டு வயது முடியும்போது ஏறக்குறைய ஐம்பது சொற்களும், ‘அம்மா வா’ என்பது போல இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வதும் வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. என் மகளுக்கு இரண்டரை வயதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்களே இருந்தன. நாங்கள் பரமக்குடியில் இருக்கிறோம். வீட்டில் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் தமிழ். "இரண்டு மொழியைப் போட்டுக் குழப்பினால் பிள்ளை எப்படிப் பேசும்?" என்றார்கள் உறவினர்கள். "இவள் அப்பனே நாலு வயதில்தான் வாயைத் திறந்தான்" என்றார் மாமியார். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொன்னவர்களும் உண்டு. அக்கறையில் சொன்னவைதான், ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை.

வழி பிறந்தது அங்கன்வாடியில். ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் (தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்) என்று 2013-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ், ஒரு மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்கிறது. எடை, உயரம், பல் எல்லாம் பார்த்த டாக்டர், பேச்சைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டுவிட்டு, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை மருத்துவர், செவித்திறன் நிபுணர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்படி அமைக்கப்பட்ட மையம் அது. கட்டணம் கிடையாது.

"குக்கர் விசில் அடித்தால் திரும்பிப் பார்க்கிறாளே, காது நன்றாகத்தானே கேட்கிறது?" என்று நான் அங்கே கேட்டேன். செவித்திறன் நிபுணர் பொறுமையாக விளக்கினார். விசிலும் கதவு சாத்தும் ஓசையும் உரத்தவை. பேச்சில் வரும் ‘ச’, ‘ப’, ‘த’ போன்ற ஒலிகள் மிக மெல்லியவை. லேசான கேட்புக் குறை இருந்தாலும் முதலில் நழுவுவது அவைதான்.

முதல் சோதனையில் காதுக்குள் சிறிய முனையொன்றை வைத்து ஓசை அனுப்பினார்கள். அந்த ஓசைக்கு உள்காது பதில் ஒலி தருகிறதா என்று பார்க்கும் இதை ஓஏஇ என்கிறார்கள். சில நிமிட வேலை. இரண்டு காதிலும் சரியான பதில் வராததால், பெரா பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்பினார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டி, ஓசைக்கு நரம்பும் மூளையும் தரும் பதிலைப் பதிவு செய்வது இது. குழந்தை தூங்கியிருந்தால்தான் நடக்கும். முந்தின இரவு தாமதமாகத் தூங்க வைத்து, விடியும் முன்பே எழுப்பி, மருத்துவமனை வரும்வரை கண்மூட விடாமல் கூட்டி வரச் சொன்னார்கள். மானாமதுரை தாண்டும் முன்பே அவளுக்குக் கண் சொருக ஆரம்பித்தது. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஆட்டைக் காட்டினேன், லாரியைக் காட்டினேன். பின் சீட்டில் இருந்த பாட்டி ஒருவர், "பச்சைப் பிள்ளையை ஏனம்மா இப்படி வதைக்கிறாய்?" என்று கேட்டேவிட்டார். அங்கே போய்ச் சேர்ந்ததும் தூக்கத்துக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். டாக்டர் கண்ணெதிரே கொடுக்க வேண்டிய மருந்து அது. வீட்டில் நாமாக எதுவும் கொடுத்துவிடக் கூடாது.

முடிவு: உள்காதில் பழுது இல்லை. நடுக்காதில் நீர் கோத்திருந்தது. செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கும் சோதனையில் மேடு வர வேண்டிய கோடு தட்டையாக வந்தது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளிடம் இது சாதாரணமாம். அவளுக்கு எங்கள் பேச்சு தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பது போலக் கேட்டிருக்கும். பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், வற்றாவிட்டால் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றார் காது மூக்கு தொண்டை மருத்துவர். எங்களுக்குக் குழாய் தேவைப்படவில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தையும் சும்மா கழிக்க விடாமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கச் சொன்னார்.

பயிற்சியாளர் அவளைப் பேசச் சொல்லவே இல்லை. பாயில் உட்கார்ந்து, டம்ளர், கரண்டி, பொம்மை, பந்து ஆகியவற்றைப் பரப்பி, "கரண்டியை டம்ளரில் போடு" என்றார். அவள் கரண்டியை எடுத்து என்னைப் பார்த்தாள். என் கை தானாக டம்ளரை நோக்கி நீண்டது. "அம்மா, கையைக் கட்டிக்கொள்ளுங்கள்" என்றார் அவர். நம் சைகையையும் கண் போகும் திசையையும் நீக்கிவிட்டால் குழந்தைக்குச் சொல் மட்டும் எவ்வளவு புரிகிறது என்பதுதான் அவர் தேடியது. பெயர் சொன்னால் திரும்புகிறாளா, விரலால் சுட்டிக் காட்டுகிறாளா, பொம்மைக்குச் சோறு ஊட்டி விளையாடுகிறாளா என்றும் பார்த்தார். ஆட்டிசத்தின் அறிகுறிகள் உண்டா என்று அறிய இவை தேவையாம். அவளிடம் அப்படி எதுவும் தெரியவில்லை. சொற்களை எண்ணும்போது சௌராஷ்டிரத்தில் தெரிந்தவற்றையும் தமிழில் தெரிந்தவற்றையும் சேர்த்தே எண்ணினார். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை, பாட்டி எந்த மொழியில் கொஞ்சுகிறாரோ அதிலேயே கொஞ்சட்டும் என்றார். மாமியாருக்கு அன்றைக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

வீட்டில் செய்ய வேண்டியதே அதிகம். "இது என்ன, அது என்ன" என்று கேள்வியால் துளைக்காமல், நடப்பதைச் சொல்ல வேண்டும். தோசை சுடும்போது "மாவு ஊற்று", "தோசை திருப்பு", "சூடு, ஊது". பெயர்ச்சொல்லை மட்டும் சேர்த்தால் வாக்கியம் வராது, வினைச்சொல் வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. பிஸ்கட் டப்பாவை மூடியோடு அவள் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் காத்திருக்க வேண்டும். அவள் "திற" என்றால் "டப்பா திற" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தக் காத்திருப்பு கடினம். வாய் துறுதுறுக்கும். டிவியும் கைபேசியும் அவள் விழித்திருக்கும் நேரத்தில் அணைந்தன.

நான்கு வயதை நெருங்கும்போது நிறையப் பேசினாள், ஆனால் வெளியாருக்குப் புரியவில்லை. ‘க’ வர வேண்டிய இடத்திலெல்லாம் ‘த’ வந்தது. காக்கா அவளுக்குத் தாத்தா, குடை துடை. பயிற்சியாளர் குடைப் படத்தையும் துணியால் மேசை துடைக்கும் படத்தையும் அடுத்தடுத்து வைத்தார். அவள் "துடை" என்றதும் உடனே துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். அவள் முகம் சுருங்கியது, தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடி "துடை", மறுபடி துணி. தான் சொன்னது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு என்று அவளே கண்டுகொண்டபிறகுதான் நாக்கின் பின்பக்கத்தை உயர்த்தும் பயிற்சி தொடங்கியது. ர, ற, ழ பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம், அவை தாமதமாகவே வரும் ஒலிகள் என்று சொல்லிவிட்டார்.

தனியாரிடம் போவதானால், பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு கட்டாயம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

இப்போது எல்.கே.ஜி. போகிறாள். தனிச் சொல்லில் ‘க’ சுத்தமாக வருகிறது, வேகமாகப் பேசினால் பழைய ‘த’ தலைகாட்டுகிறது. அடுத்து வாக்கியப் பயிற்சி. சளி பிடித்து ஒரு வாரம் தாண்டினால் காதைக் காட்டிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. முன் வரிசையில் உட்கார வைக்கும்படி டீச்சரிடம் பரிசோதனை அறிக்கையின் நகலையும் கொடுத்திருக்கிறேன்.