மொறிஸ் மைனர் வைப்பர்: ஏர்த் பக்கத்தில் தொலைந்த மூன்று வோல்ட்

வைப்பர் ஓடுகிறது. ஹெட்லைற் எரிந்துகொண்டிருக்கும்போதே நிமிடத்துக்கு 45 தடவை ஓடுகிறது. சுவிச்சை அணைத்தால் கண்ணாடியின் அடியில் போய் ஒழுங்காகப் படுக்கிறது. இவ்வளவும் மோட்டரைக் கழற்றாமலே நடந்தது, அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

கார் 1965ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, 1098 சிசி. வைப்பரை ஓட்டுவது லூக்கஸ் கம்பனியின் டிஆர்3ஏ மோட்டர், ஒரே வேகம். பற்றரியின் பொசிற்றிவ் முனையைக் காரின் உடலோடு இணைத்திருக்கும் பொசிற்றிவ் ஏர்த்தை நான் மாற்றவில்லை, மாற்றப் போவதும் இல்லை. தூறலில் வைப்பர் நன்றாகத்தான் ஓடும். கார்த்திகை மாரி அடித்துப் பெய்யும்போது சற்று நேரத்திலேயே சோர்ந்து, நடுக்கண்ணாடியில் நின்றுவிடும். ஹெட்லைற் போட்டால் இன்னும் மோசம். அணைத்தால் எங்கே நின்றதோ அங்கேயே கிடக்கும். இரவில் யாழ்ப்பாணத்திலிருந்து தீவுப் பக்கம் போகும் பண்ணைப் பாதையில் இரண்டு பக்கமும் கடல், முன்னால் ஒன்றும் தெரியாது. ஊர்காவற்றுறைப் பக்கம் அடிக்கடி போகிற எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

காட்டிய கராஜில் சொன்னது: "அண்ணை, உது கிழட்டு மோட்டர். கழட்டி எறிஞ்சுபோட்டு மாருதி மோட்டர் ஒண்டைப் போடுவம்." எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. மாருதி மோட்டர் சுழன்று லிங்க் கம்பிகளைத் தள்ளுவது. லூக்கஸ் மோட்டர் ஒரு பல் வைத்த நீள றாக்கைக் குழாய்க்குள் முன்னும் பின்னும் இழுப்பது. ஒன்றை எடுத்து மற்றதை வைக்க வேண்டுமானால் டாஷ்போட்டின் கீழே தகட்டை வெட்ட வேண்டும். அறுபது வருடம் தாங்கிய தகட்டை ஒரு வயர் கோளாறுக்காக வெட்டுவதா?

பியூஸ் பக்கம் சட்டென்று முடிந்தது. பச்சை வயர் சேர்க்கிட்டில் வைப்பரோடு பிறேக் லைற்றும் பெற்றோல் மீற்றரும் இருக்கின்றன, அவை சரியாக வேலை செய்தன. ஆனால் பியூசைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். லூக்கஸ் கண்ணாடிப் பியூசில் 35 அம்பியர் என்று எழுதியிருப்பது அது எரிகிற அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு 17 அம்பியர்தான். இப்போது கடைகளில் கிடைக்கும் 35 அம்பியர் பியூஸ் 35ஐயும் தொடர்ந்து தாங்கும். அதைப் போட்டால் பியூசுக்கு முன்னால் வயர் எரியும். பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் பாருங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த மோட்டருக்கு இக்னிஷன் போட்டவுடனேயே பச்சை வயரில் கரண்ட் வந்து காத்திருக்கும். டாஷ்போட் சுவிச் செய்வது மறுபக்கத்தை ஏர்த்தோடு இணைப்பது மட்டும். சுவிச்சை அணைத்த பிறகும், மோட்டரின் மூடிக்குள் இருக்கும் பார்க்கிங் தொடுகை அதே ஏர்த்தைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து, வைப்பர் அடிக்கு வந்ததும் விட்டுவிடும். ஆக ஓடுவதும் ஏர்த்தால்தான், படுப்பதும் ஏர்த்தால்தான். மோட்டரோ றப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கிறது. காரின் பொடியில் (உடல் தகட்டில்) தொடாததால் அதற்கு ஏர்த் தருவது ஒரு கறுப்பு வயர் மட்டுமே. ஓடுவதும் பிழை, படுப்பதும் பிழை என்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதை ஓம் அளந்து பிடிக்க முடியாது. மல்ரிமீற்றரின் வயர்களுக்கே அரை ஓம் வரை இருக்கும். அதோடு மீற்றர் அனுப்புகிற துளிக் கரண்ட் ஒற்றை நூல் கம்பியிலும் தாராளமாகப் போய்விடும், மீற்றரும் "நல்ல இணைப்பு" என்று காட்டும். மூன்று அம்பியர் போகும்போதுதான் உண்மை வெளியே வரும். எனவே வைப்பரை ஓடவிட்டு, ஓடும்போதே வோல்ட் அளக்க வேண்டும்.

காய்ந்த கண்ணாடியில் ஓடவிட்டால் றப்பர் இழுத்துக் கணக்கைக் கெடுக்கும். மகனிடம் தண்ணீர்க் குழாயைக் கொடுத்து கண்ணாடியில் பிடிக்கச் சொன்னேன். எஞ்சின் நிறுத்தியிருந்தது. வைப்பர் ஓடும்போது பற்றரியில் 12.1 வோல்ட். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் முனையிலும் மற்றதை மோட்டரின் பச்சை வயரிலும் வைத்தபோது 0.4. அது பரவாயில்லை. பிறகு பற்றரியின் ஏர்த் முனையிலிருந்து, மோட்டரை விட்டு வெளியேறும் சுவிச் வயருக்கு: 2.9 வோல்ட்! பன்னிரண்டில் மூன்று வழியிலேயே போய்விட்டது. மோட்டருக்கு எஞ்சியது 8.8. அந்த வோல்ட்டில் அது இவ்வளவு நாளும் ஓடியதே பெரிய காரியம்.

அதற்குப் பிறகு நான் ரசித்துச் செய்த வேலை. ஒரு முனை பற்றரியின் ஏர்த் முனையிலேயே இருக்கட்டும். மற்ற முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்த வேண்டும். கறுப்பு வயரின் திருகாணி ஏறியிருக்கும் பொடித் தகடு: 0.1. அந்தத் திருகாணியில் மாட்டியிருக்கும் வயரின் வளையம்: 1.6. இரண்டு இடத்துக்கும் நடுவே அரிசி மணி அளவு தூரம்கூட இல்லை, ஆனால் அங்கே ஒன்றரை வோல்ட் காணாமல் போகிறது. அடுத்து புல்லட் இணைப்பை (குண்டு வடிவ முனைகளைச் செருகி வயர்களைச் சேர்க்கும் இடத்தை) தாண்டி சுவிச்சின் ஏர்த் பக்கம்: 1.9. சுவிச்சின் மறுபக்கம்: 2.9. குற்றவாளிகள் மூன்று பேரும் வரிசையாக அகப்பட்டார்கள்.

உறுதி செய்ய, பற்றரியின் ஏர்த் முனையிலிருந்து தடித்த வயர் ஒன்றை எடுத்து, சுவிச்சுக்குப் போகும் அந்த மோட்டர் முனையில் நேரே தொட்டேன். வைப்பர் அந்த நொடியே வேகம் பிடித்தது. குழாயோடு நின்ற மகன் "அப்பா, இதென்ன மாயம்!" என்று கத்தினான்.

திருகாணியைக் கழற்றிப் பார்த்தபோது கதை விளங்கியது. வயர்களை யாரோ வீட்டு வயரிங்கில் போடும் 7/0.67 வயரால் (0.67 மில்லிமீற்றர் தடிப்பில் ஏழு நூல்) மாற்றியிருக்கிறார்கள். மோட்டரின் கறுப்பும் சுவிச்சின் கறுப்பும் அந்த ஒரே திருகாணியில். பிறகு காருக்குப் பெயின்ற் அடித்தவர்கள் அந்த இடத்தையும் சேர்த்து அடித்து, பெயின்ற்றின் மேலேயே வளையத்தை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். திருகாணியின் புரி மட்டும் பொடியைத் தொட்டது, அந்தப் புரியிலும் கறள். 1990க்குப் பிறகு இங்கே பெற்றோலும் பற்றரியும் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், இந்தக் கார்கள் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. கையில் கிடைத்த வயரைப் போட்டு ஓட வைத்த அந்த மனிதரில் எனக்குக் குறையே இல்லை, மரியாதைதான். பெயின்ற்காரர் கொஞ்சம் சுரண்டியிருக்கலாம்.

தகட்டை அரத்தாளால் வெள்ளையாகும் வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு, முறுக்கிய பிறகு வெளியே வசிலின் பூசினேன். வசிலினை முதலில் பூசிவிட்டு முறுக்கக் கூடாது. இரண்டு கறுப்பு வயரையும் பிரித்து, தனித்தனியே பற்றரியின் ஏர்த் போல்ட்டுக்கே கொண்டுபோனேன். வயர் 28/0.30, பல நூல் கொண்ட வாகன வயர். 7/0.67 வயரின் செம்பு காணும்தான், ஆனால் நூல் தடிப்பு. குலுங்குகிற இடத்தில் வளையத்தின் கழுத்திலேயே முறியும். புல்லட் முனைகளைப் புதிதாகச் சொல்டர் செய்தேன். சுவிச்சின் மடிப்புகளை மெல்ல நிமிர்த்தித் திறந்தால், உள்ளே தொடுகை பச்சை பிடித்துக் கிடந்தது. பென்சில் அழிறப்பரால் தேய்த்தது போதும். அரத்தாளை அங்கே கொண்டுபோகாதீர்கள், அது போடும் கீறலில் மறுபடி பச்சை பிடிக்கும்.

திரும்ப அளந்தேன்: ஏர்த் பக்கம் 0.2. மோட்டருக்கு 11.5. முன்பு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டாத வைப்பர் இப்போது 45.

பார்க்கிங்கும் ஏர்த்தோடு பெரும்பாலும் சரியாகியது, ஆனால் படுக்காமல் கண்ணாடியின் அடியிலிருந்து ஒரு சாண் மேலே நின்றது. மூடியின் நான்கு திருகாணிகளையும் சற்றுத் தளர்த்தி, நடுவில் உள்ள குமிழ் வடிவ மூடியைத் திருப்பினால் நிற்கும் இடம் மாறும். மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். கொஞ்சம் கூடினால் படுத்த இடத்திலிருந்து திரும்ப எழும்பி ஓடத் தொடங்கிவிடும். கண்ணாடி நனைந்திருக்கும்போதே சரிபாருங்கள். காய்ந்த கண்ணாடியில் பிடித்த இடம் மழையில் மாறும்.

பொசிற்றிவ் ஏர்த்தை மாற்றினால் வைப்பர் மோட்டர் எதிர்த்திசையில் சுற்றுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இந்த மோட்டரில் காந்தம் இல்லை, சுருள்தான். பற்றரியை மாற்றி மாட்டினாலும் சுருளும் ஆமேச்சரும் (சுழலும் பாகமும்) சேர்ந்தே திரும்புவதால் அதே திசையில்தான் சுற்றும். வைப்பருக்காகப் பயப்பட ஒன்றும் இல்லை. டைனமோவைத்தான் திரும்ப முனைவாக்க வேண்டும்.

சாமான் விஷயம்: வயரும் வளையங்களும் ஸ்ரான்லி வீதியிலேயே கிடைத்தன. பித்தளைப் புல்லட் இங்கே இல்லை, கொழும்பு போன ஒருவர் பஞ்சிகாவத்தையில் எடுத்து வந்தார். வாங்கும்போது காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, நம் உப்புக்காற்றுக்கு ஒரு மாரியும் தாங்காது. மோட்டரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் காபன் பிறஷ் இப்போதைக்குத் தேவையில்லை. தேவைப்படும்போது ஓட்டோ ஸ்ரார்ட்டர் பிறஷ்ஷை அராவிப் போடலாமா என்று பார்க்க இருக்கிறேன்.

மிஞ்சியிருப்பது றாக். மோட்டரிலிருந்து விடுவித்து, மீன் நிறுக்கும் விற்றராசைக் கொளுவி இழுத்துப் பார்த்தேன். பழைய லூக்கஸ் கணக்குப்படி 6 இறாத்தல், அதாவது 2.7 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. எனக்கு 4 கிலோ காட்டுகிறது. இடப்பக்க வீல்பொக்ஸ் (றாக் இழுக்க வைப்பர் கையைத் திருப்பும் சிறு பல்சக்கரப் பெட்டி) இறுகியிருக்கிறது, கையால் திருப்பும்போதே தெரிகிறது. மோட்டர் அந்தப் பாரத்தையும் இழுத்துக்கொண்டுதான் 45 அடிக்கிறது. வீல்பொக்ஸைக் கழற்ற டாஷ்போட்டை இறக்க வேண்டும். இறக்கும்போது அதன் பின்னால் உள்ள மற்ற ஏர்த் திருகாணிகளையும் சுரண்டிவிடலாம், வெளியே இருக்கும் றப்பர் வளையங்களையும் மாற்றலாம். ஐப்பசிக்கு முன் முடிக்க வேண்டும்.